சட்டை போட்டவளின் இடது

மார்ச் 3

வாயாடிக்கு,

கம்பெனி கேட்ட பதினான்காம் நம்பர் ஊசிகள் மேலே இருக்கின்றன. இது பெட்டியின் அடியில், அட்டைக்குக் கீழே. சரக்கைப் பிரித்துப் பார்ப்பது நீதான் என்ற நம்பிக்கையில் வைக்கிறேன். போனில் பேச முடியாது. உன் போனைப் பெரியவர் தினமும் வாங்கிப் பார்ப்பார். எட்டு வருஷம் என் போனைப் பார்த்த புருஷன்தானே.

நேற்று ஒரு தையல் கம்பெனியில் மிஷினைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊசி மேலே கிளம்பும்போது ஹூக் அதை உரசாமல் கடக்க வேண்டும். நடுவில் ஒரு தாள் நுழையும் இடம்தான் இருக்கும். அந்த இடம் தெரியவில்லை. விளக்கைக் கிட்டே இழுத்தேன். அப்போதுதான் மிஷினே பாதிதான் தெரிகிறது என்று புரிந்தது. வலது கண்ணைப் பொத்திப் பார்த்தேன். இடது கண்ணில் மூக்கு ஓரத்திலிருந்து கறுப்பாக ஒரு திரை இறங்கியிருந்தது. இமையைக் கசக்கினால் போகிற திரை இல்லை.

நான் குடியிருக்கிற வேன் வண்டியை எடுத்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் ஓட்டி, ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். டாக்டரம்மா சொட்டு விட்டு, நெற்றியில் விளக்கை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இந்தக் கண்ணுல எப்பவாவது அடி பட்டிருக்கா?"

"மிஷின் கைப்பிடி பட்டுச்சு."

எழுதப் போனவர் எழுதவில்லை. பேனாவை மூடி வைத்தார். "கைப்பிடி எத்தனை தடவை பட்டுச்சு?"

அதற்கப்புறம் டார்ச் லைட்டைப் பற்றிச் சொன்னேன். பேட்டரி இருக்கும் பக்கத்தால் பெரியவர் அடித்தார், மூன்றாவது அடியில் டார்ச் உடைந்தது, உடைந்ததற்கு என்னைத்தான் திட்டினார். கட்டிலுக்கடியில் உருண்ட பேட்டரிகளை நான் ரத்தம் வழிய வழியத் தேடி எடுத்துக் கொடுத்தேன். இதையெல்லாம் நீ பார்த்தாய், வாயாடி. கதவோரம் நின்று பார்த்துவிட்டு, "கொஞ்சம் அனுசரிச்சுப் போயேன்க்கா" என்றாய்.

விழித்திரை கிழிந்து உரிந்துகொண்டிருக்கிறதாம், ஈரச் சுவரில் ஒட்டிய போஸ்டர் மாதிரி. முழுக்க உரிவதற்குள் ஒட்ட வேண்டும். விட்டால் அந்தக் கண் அவ்வளவுதான். ஒட்டிய இடம் பிடிக்கும்வரை உள்ளே வாயுவை அடைத்து வைப்பார்கள். வாயு மேலே மிதக்கும் என்பதால் ஒரு வாரம் நான் தலையைக் குனிந்தே இருக்க வேண்டும். குனிந்தே சாப்பிட வேண்டும், குனிந்தே தூங்க வேண்டும். வண்டி ஓட்டக் கூடாது. மலைப் பாதையில் ஏறக் கூடாது. ஏறினால் வாயு விரிந்து கண்ணை உள்ளேயிருந்தே நசுக்கும்.

ஒன்பதாம் தேதி நாள் கொடுத்திருக்கிறார்கள். துணைக்கு ஆள் வந்து கையெழுத்துப் போடாவிட்டால் ஆபரேஷன் இல்லை.

அண்ணனுக்கு என்னையும் தம்பிக்கு உன்னையும் கட்டிக் கொடுத்தபோது, ஒரே வீட்டில் இருப்பீர்கள், ஒருத்திக்கு ஒருத்தி துணை என்றுதான் சொன்னார்கள். நான் அந்த வார்த்தையைக் கேட்பது இதுதான் முதல் தடவை. வருவாயா?

அக்கா


மார்ச் 4

அக்கா,

பத்து மாசம். செத்தாயா இருக்கிறாயா என்று தெரியாமல் பத்து மாசம். இப்போது ஊசியோடு ஊசியாக வந்து குத்துகிறாய்.

அனுசரிச்சுப் போ என்று சொன்னேன். ஆமாம், சொன்னேன். நீ என்ன செய்தாய் தெரியுமா? கம்பெனி ஏலத்தில் விட்ட வண்டியை வாங்கி, வேலை பார்க்கப் போகிற மாதிரி காலையில் கிளம்பி, அப்படியே போய்விட்டாய். "வாடி, ஏறு" என்று ஒரு வார்த்தை சொன்னாயா? மறுநாள் காலை பெரியவர் உன் தட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். "இனிமே அவளுக்கு உள்ளதும் உனக்குத்தான்" என்றார். சாப்பாட்டைச் சொல்கிறார் என்று நினைத்தேன், அவ்வளவு முட்டாள் நான். அன்று மாலையே முதல் தவணை வந்தது.

மேல் வரிசையில் இரண்டு பல் இல்லை எனக்கு. செக்கிங் மேஜையில் சிரிப்பதை விட்டுவிட்டேன். லைன் சூப்பர்வைசர், "ஏம்மா, வாய்ல முத்தா வச்சிருக்க, திறக்கவே மாட்டேங்குற?" என்று கேட்கிறாள். கப்பலில் இருக்கிற என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அண்ணன் கோபக்காரர், உனக்குத் தெரியாதா? நீ பார்த்து நடந்துக்க" என்றார். நடுக்கடலில் இருந்துகொண்டு தம்பி சொல்கிற புத்தி அவ்வளவுதான்.

அன்றைக்கு உன் வலது கண் மூடி, புடைத்து, ஊதா நிறத்தில் நின்றதை இப்போதும் தூக்கத்தில் பார்க்கிறேன். அடித்த அவர் கைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டதும் நான்தான். வலிக்கிறது என்றார்.

வருகிறேன். மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஒரு வாரம் தலையைக் குனிந்தே இருப்பாயாமே. பின்னந்தலையில் ஒரு குட்டு வைக்க இதைவிட வசதி கிடைக்காது.

உன் தங்கச்சி


மார்ச் 5

வாயாடிக்கு,

பல்லைப் பற்றி இரண்டு முறை எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன். வந்ததும் பேசிக்கொள்வோம்.

கண் இடது கண். நீ இன்னும் உலகத்தையே மேஜையில் மல்லாத்திப் போட்டுத்தான் பார்க்கிறாய். உன் எதிரில் விரித்த சட்டையில் உன் வலது கைப்பக்கம் எது இருக்கிறதோ அது உனக்கு வலது. அதைப் போட்டுக்கொள்கிறவளுக்கு அது இடது. இருபது வருஷமாக இதே சண்டைதான் நமக்கு. ஆஸ்பத்திரியில் யாராவது கேட்டால் வாயைத் திறக்காதே. நல்ல கண்ணை அறுத்து வைப்பார்கள்.

எட்டாம் தேதி வேலைக்குப் போகிற மாதிரி கிளம்பு. கம்பெனி வாசலில் இறங்காதே. பை எடுக்காதே, மாற்றுத் துணி எடுக்காதே. என் துணி உனக்குப் பொருந்தும். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் வண்டிகள் நிற்கும் முற்றம் இருக்கிறது. கடைசியில், மருந்துக் கழிவுத் தொட்டிகளுக்குப் பக்கத்தில், என் வண்டி. சாம்பல் நிறம், ஒரு கண்ணாடி உடைந்தது. காவல்காரரிடம் மிஷின் அம்மா என்று சொல், காட்டுவார்.

அக்கா


மார்ச் 10

நீ வரவில்லை.

தரையில் தாளை வைத்து, மேஜையில் நெற்றியை முட்டுக்கொடுத்து, ஒரு கையைத் தொங்கவிட்டு எழுதுகிறேன். எழுத்துத் தாறுமாறாகத்தான் இருக்கும். எட்டாம் தேதி சாயங்காலத்திலிருந்து முற்றத்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் தேதி காலையில், அந்த நீலச் சட்டையைப் போட்டுவிட்டு, புருவத்துக்கு மேலே மையால் அம்பு வரைந்துவிட்டு, "துணைக்கு வந்தவங்க எங்கம்மா?" என்று நர்ஸ் கேட்டாள். வந்துகொண்டிருக்கிறாள் என்றேன். இரண்டாவது முறை கேட்டாள். மூன்றாவது முறை, என் இடத்தில் வேறொருவரைக் கூப்பிட்டார்கள்.

அப்போது உன்னை என்னவெல்லாம் சொன்னேன் என்று எழுதமாட்டேன். அவர் அடித்த அடியைவிடக் கேவலமான வார்த்தைகள்.

முற்றத்துக் காவல்காரர் டீ வாங்கிக்கொண்டு வந்தவர், நான் படியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். உள்ளே போய், கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். உறவு என்ற இடத்தில் அண்ணன் என்று எழுதியிருந்தார்.

"எனக்கு அண்ணன் கிடையாதுங்க."

"இவ்வளவு நாள் கிடையாது. சும்மா அழுதுட்டு நிக்காம உள்ள போம்மா. டீ ஆறுது."

ஒட்டிவிட்டார்கள். கண்ணுக்குள் ஒரு குமிழி இருக்கிறது. குனிந்து பார்த்தால் நடுவில் கறுப்பு வட்டமாக ஆடுகிறது. ஸ்டூலில் உட்கார்ந்து, மிஷின் பிரிக்கும் மேஜையில் தலையைக் கவிழ்த்து இருக்கிறேன். இடது கண்ணுக்கு மேல் தகர மூடி. வலது கண்ணுக்குத் தெரிவதெல்லாம் வண்டியின் தரை, என் பாதம், சிந்திய மிஷின் எண்ணெய். வண்டிக்கு இரண்டு பக்கமும் இழுக்கும் கதவு. வெக்கைக்கு இரண்டையும் பாதி திறந்து வைத்திருக்கிறேன். கழுத்து மரத்துவிட்டது. சொட்டு மருந்து விட மட்டும் மல்லாந்து படுக்கலாம். தனியாக விட்டால் பாதி காதில்தான் போகிறது.

வர முடியாது என்றால் முடியாது என்று எழுதியிருக்கலாம். ஒரு வரி.


மார்ச் 11

அக்கா, இடது கையால் எழுதுகிறேன், நிஜமான இடது கை, மேஜை இடது இல்லை. வலது கையில் மூன்று விரல் உடைந்திருக்கிறது. படிக்கிறதுக்குள் வண்டியை எடுக்கச் சொல். உன்னால் ஓட்ட முடியாது. காவல்காரரை விட்டு எடுக்கச் சொல். முதலில் அதைச் செய், அப்புறம் படி.

நீ பை வேண்டாம் என்றாய், நான் பை எடுக்கவில்லை. ஆனால் நெற்றிக்கு அண்டை கொடுக்க நடுவில் ஓட்டை வைத்து வட்டமாக ஒரு மெத்தை தைத்தேன். கழிவுத் துணியை அடைத்து, மதிய இடைவேளையில். மூச்சு விட மூக்குக்கு இடம் விட்டு. அதைச் சாப்பாட்டுப் பைக்குள் அழுத்தி வைத்திருந்தேன். எட்டாம் தேதி காலை செருப்பு மாட்டும்போது பெரியவர் பையைத் தூக்கிப் பார்த்தார். கனமே இல்லாமல் புடைத்திருக்கிறதே என்றுதான் சந்தேகம்.

"இது யாருக்கு?"

"மூலம்னு கம்பெனில ஒரு அக்கா கேட்டாங்க."

ஒரு நிமிஷம் நம்பிவிட்டார், அக்கா. சிரித்தார்கூட. அப்புறம் அதைத் தன் முகத்தில் வைத்துப் பார்த்தார். மூக்கு சரியாக ஓட்டைக்குள் உட்கார்ந்தது.

கதவை நன்றாகத் திறந்தார். என் கையைப் பிடித்து நிலையில் வைத்தார். கதவைச் சாத்தினார். மறுபடி திறந்து, கேட்டார், சாத்தினார். முதல் தடவை நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது தடவையும் சொல்லவில்லை, இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். மூன்றாவது தடவை ஊரைச் சொன்னேன். அப்புறம் கதவே வேண்டியிருக்கவில்லை. ஆஸ்பத்திரி, முற்றம், குப்பைத் தொட்டி, உடைந்த கண்ணாடி, குனிந்தே இருப்பாய் என்பது, எல்லாம் கொட்டிவிட்டேன். எந்தக் கண் என்று கேட்டார். வலது கண் என்றேன். "அந்தப் பக்கமா போனா தெரியாதுல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதை அவர் சொன்ன விதம் இருக்கிறதே, வீட்டுக்கு எந்தக் குழாய் வாங்கலாம் என்று யோசிக்கிற மாதிரி.

மூன்று நாள் என்னை உள்ளே வைத்துப் பூட்டியிருந்தார். இன்று காலை சவரம் செய்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். பூட்டைச் சும்மா கொக்கியில் மாட்டிவிட்டு அவசரமாகப் போயிருக்கிறார், கதவை உலுக்கியதும் கழன்று விழுந்தது. கம்பெனிக்கு ஓடி வந்தேன். ஆஸ்பத்திரி நம்பருக்குப் போன் போட்டால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று பாட்டுப் போடுகிறது. மதிய பார்சல் பஸ்ஸில் பாபின் கேஸ் பெட்டியோடு இதை ஏற்றுகிறேன். டிரைவரிடம் நேரே கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

எடுத்துவிட்டாயா வண்டியை?


மார்ச் 13

வாயாடிக்கு,

உன் பெட்டி நேற்று மதியம் வந்தது. அவர் நேற்றுக் காலையிலேயே வந்துவிட்டார்.

முதலில்: கண் போகவில்லை. இரண்டாவது: அவரை விட்டுவிட்டார்கள். இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்கும்போது அவர் வீட்டில் இருப்பார், அல்லது வழியில் இருப்பார். கம்பெனியிலேயே இரு. வீட்டுக்குப் போகாதே. மற்றதை அப்புறம் படி என்று நீ சொன்னதையே நானும் சொல்கிறேன்.

காலையில் காவல்காரர் வாசலில் வண்டிகளை ஒழுங்குபடுத்தப் போயிருந்தார். நான் மேஜையில் கவிழ்ந்திருந்தேன். அவர் வலப்பக்கக் கதவு வழியாக வந்தார். இடப்பக்கம் வந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. அங்கே தகர மூடி. நீ உன் மேஜைக் கணக்கில் வலது என்று சொல்லியிருக்கிறாய். அவர் என் நல்ல கண்ணுக்கு நேராக, மெதுவாக, சத்தமில்லாமல் ஏறினார். கையிடுக்கு வழியாக முதலில் ஒரு ஷூ தெரிந்தது. கான்வாஸ், இடது பக்கம் கட்டை விரலுக்கு மேல் தையல் பிரிந்தது. போன வருஷம் நான் தைத்துக் கொடுத்த தையல்.

பெரிய ஸ்க்ரூடிரைவர் எப்போதும் மேஜை விளிம்பில் தொங்கும். எடுத்தேன். இரண்டாவது ஷூவும் உள்ளே வரட்டும் என்று காத்திருந்தேன். அவர் என் பின்னந்தலை முடியைப் பிடித்தபோது, இரண்டு கையாலும், அந்தத் தையலின் மேலேயே இறக்கினேன். ஷூ, கால், பலகை. தரைப் பலகையில் பிடித்து நின்றது. மாவு மூட்டையில் கொக்கி போடுகிற மாதிரிச் சத்தம். மனிதச் சத்தம் அதற்கப்புறம்தான் வந்தது.

முதுகில் குத்தினார். தோளில், காதில். முடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தப் பார்த்தார். அந்த முகத்தில் அடிக்கத்தானே வந்தது. நான் மேஜையின் காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு நெற்றியை எடுக்கவேயில்லை. முடி ஒரு கொத்து பிய்ந்து வந்தது. தலையை மட்டும் நிமிர்த்தவில்லை. அவர் நகரப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் பலகை முனகியது. கத்தாமல் குனிந்தே இருந்த என்னை அவர் அதற்கு முன்னால் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார், அதனால் பயந்துவிட்டேன் என்றே நினைத்திருப்பார்.

காவல்காரர் வந்து வேறெதுவும் கேட்காமல் அவர் கழுத்தைப் பிடித்தார். "யாருய்யா நீ?"

"அவ புருஷன்யா!"

"அப்படியா? நான் மச்சான். கையெழுத்துப் போட்டிருக்கேன், வேணும்னா போய்ப் பாரு."

போலீஸ் வந்தது. நான் குனிந்தபடி இன்ஸ்பெக்டரின் பூட்ஸிடம் வாக்குமூலம் கொடுத்தேன். பூட்ஸ் கேட்டது: "கட்டின புருஷன் காலையா குத்தின?" டாக்டரம்மாவின் செருப்பு வந்து நின்றது. பழைய அடி, கிழிந்த இடம், புதிய அடி எல்லாவற்றையும் எழுதி, முத்திரை போட்டு, பூட்ஸுக்கு எதிரே நீட்டினார். ஆனாலும் காலுக்குத் தையல் போட்டு, குடும்பத் தகராறு என்று சொல்லி, நேற்று இரவே அனுப்பிவிட்டார்கள். என் பெயரிலும் ஒரு வழக்கு, அவர் பெயரிலும் ஒரு வழக்கு.

விரலுக்குக் கட்டுப் போட்டாயா? ஊரைச் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதினாலும் அந்தப் பகுதியைப் படிக்க மாட்டேன்.

வீட்டுக்குப் போகாதே.

அக்கா


மார்ச் 15

அக்கா,

வீட்டுக்குப் போனேன். திட்டாதே, முதலில் கேள். உன் கடிதம் நேற்றுச் சாயங்காலம்தான் கைக்கு வந்தது. அதற்கு முன்னால், முந்தாநாளே, என் சான்றிதழும் உடுப்பும் எடுக்கப் போயிருந்தேன். பெரியவர் ஊரில் இல்லை என்ற நினைப்பில்.

கூடத்தில் உட்கார்ந்திருந்தார். காலை ஸ்டூலில் நீட்டி, தலையணை மாதிரிக் கட்டு. பக்கத்தில் ஒரு ஊன்றுகோல். என்னைப் பார்த்ததும், "சோறு போடு" என்றார். அந்தக் காலைப் பார்த்தேன். உன் தையல் என்று அப்போது தெரியாது, ஆனால் உன் வேலை என்று தெரிந்தது.

சமைத்தேன். ஒற்றைக் கையால். தட்டில் போட்டேன். அவர் கைக்கு எட்டாத தூரத்தில் நாற்காலியைப் போட்டு, நானே உட்கார்ந்து சாப்பிட்டேன். கல்யாணம் ஆனதிலிருந்து அந்த வீட்டில் நான் சூடாகச் சாப்பிட்டது அதுதான். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். முதலில் கத்தினார். அப்புறம் உன்னை என்ன செய்வேன், எப்படிச் செய்வேன் என்று வரிசையாகச் சொன்னார். கால் ஆறட்டும், இந்தத் தடவை ரெண்டு கண்ணும் என்றார். அடுத்த வாய் எடுக்கும்போது ஊன்றுகோலை வீசினார். அது என் மேல் படாமல் சுவரில் அடித்துக் காலடியில் விழுந்தது.

எடுத்தேன். இடது கையால் ஒரு அடி. கட்டின் மேல். இன்னொன்று. அவர் போட்ட சத்தத்துக்கு அடுத்த வீட்டுக்காரர்கள் வழக்கம் போல டிவி சத்தத்தைக் கூட்டினார்கள்.

மூன்றாவது அடிக்குக் கையை ஓங்கிவிட்டேன். தலைக்குத்தான் ஓங்கினேன், உன்னிடம் மறைக்கவில்லை. அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். நாம் மூடிக்கொள்கிற அதே மாதிரி, முழங்கையை ஒட்டி, விரலை விரித்து. ஓங்கிய கையை இறக்கினேன். கோலைக் கையோடு எடுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைப் பூட்டினேன். ஸ்டேஷனில் சாவியையும் கோலையும் மேஜையில் வைத்து, என்னுடைய மூன்று விரலையும் வைத்தேன். இங்கே இருந்த போலீஸ் அம்மா என்னைப் பூட்ஸிடம் பேசவைக்கவில்லை, உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். மறுநாள் காலையே போய் அவரைக் கூட்டிக்கொண்டு போனார்களாம். எத்தனை நாள் வைப்பார்கள் என்று தெரியாது. என் வீட்டுக்காரருக்கும் தகவல் சொல்லிவிட்டேன். அண்ணனுக்கு யார் சமைப்பது என்று கேட்டார். போனை வைத்துவிட்டேன்.

சூப்பர்வைசர் வீட்டில் தங்கியிருக்கிறேன். வாயைத் திறந்து காட்டினேன். முத்து எங்கே என்று அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை.

நாளைக்கு விரலுக்கு மாவுக்கட்டு. அதற்கப்புறம் எனக்குப் போக இடம் இல்லை, உன் வண்டியைத் தவிர. உனக்கு ஒரு கண், எனக்கு ஒரு கை. இரண்டையும் சேர்த்துத் தைத்தால் ஒரு ஆள் தேறும். கூப்பிடுகிறாயா? இந்தத் தடவை நீ வாயால் சொன்னால்தான் ஏறுவேன்.

உன் தங்கச்சி


மார்ச் 16

வாயாடி, வா.

இன்றைக்குத் தகர மூடியைக் கழற்றிப் பார்த்தார்கள். தலை நிமிரலாம் என்றார்கள். நிமிர்ந்தேன், கழுத்து கிறீச்சிட்டது. மேல் பாதியில் டாக்டரம்மாவின் முகம் தெரிகிறது, கீழ் பாதியில் குமிழி தண்ணீர் மட்டம் மாதிரி ஆடுகிறது. மட்டம் நாளுக்கு நாள் இறங்கும். ஓரத்தில் ஒரு துண்டு ஒட்டவில்லை. முடியைப் பிடித்து இழுத்த அன்றைக்கா, அதற்கு முன்னாலேயேவா, டாக்டரம்மாவால் சொல்ல முடியவில்லை. அந்தத் துண்டு இருட்டாகவே இருக்கும். ஊசிக்கும் ஹூக்குக்கும் நடுவில் இருக்கும் இடம் தெரியுமா என்று கேட்டேன். தெரியும், கொஞ்சம் தலையைச் சாய்த்துப் பார்க்கணும் என்றார்.

குமிழி கரையும்வரை வண்டி நகராது. மலை ஊர் வேலைகளை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தட்டையான பாதைகளில் இருக்கிற கம்பெனிகளுக்கு மட்டும் எழுதியிருக்கிறேன், இருவர் வருவோம் என்று.

முற்றத்தில் கதவுகளை இப்போது சாத்தித்தான் வைத்திருக்கிறேன். காவல்காரர் தட்டினாலும் உடனே திறப்பதில்லை. கை மேஜை விளிம்புக்குப் போய்விடுகிறது. அதனால் நீ வந்ததும் தட்டிவிட்டு நிற்காதே. அக்கா என்று கூப்பிடாதே, அப்படி யார் வேண்டுமானாலும் குரலை மாற்றிக் கூப்பிடலாம். திட்டு. பத்து மாசத்துக்கும் சேர்த்து, முற்றமே கேட்கும்படி, உன்னால் மட்டும் முடிகிற மாதிரித் திட்டு.

கேட்டுக்கொண்டே திறக்கிறேன்.

அக்கா